சென்னையிலிருந்து அடிலெய்டுக்கு வீட்டுச் சாமான் அனுப்புகிறீர்களா?

பேக்கர்ஸ் கம்பெனிகளிடம் விலை கேட்டால், முதலில் சொல்லும் தொகை பெரும்பாலும் துறைமுகம் வரைக்கும்தான். ‘டோர் டு போர்ட்’ என்று கொட்டேஷனின் ஓரத்தில் எழுதியிருக்கும், யாரும் கவனிப்பதில்லை. சரக்கு இறங்கிய பிறகு டெர்மினல் கட்டணம், டிப்போ எனப்படும் சரக்குக் கிடங்கில் கன்டெய்னரைப் பிரிக்கும் கூலி, சரக்கை விடுவிக்கும் தாளான டெலிவரி ஆர்டர், கஸ்டம்ஸ் ஏஜென்ட், பூச்சியும் நோயும் உள்ளே வராமல் பார்க்கும் பயோசெக்யூரிட்டி சோதனை, வீடு வரை லாரி என்று ஒவ்வொன்றாக டாலரில் பில் வரத் தொடங்கும். அனுப்பிய கூலியைவிட எடுத்த கூலி அதிகம் என்று புலம்புபவர்களை இங்கே அடிலெய்டில் எந்தப் பொங்கல் விழாவிலும் பார்க்கலாம். அதனால் ‘டோர் டு டோர்’ விலையை மட்டுமே கேளுங்கள். அதில் எது எது சேராது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடிலெய்டு விஷயத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர மற்ற ஊர்களெல்லாம் 2019 நவம்பரிலிருந்து விசா கணக்கில் ‘ரீஜனல்’, அதாவது பெருநகரம் அல்லாத பகுதி. அதனால்தான் இப்படிப்பட்ட ஊர்களில் வசித்து வேலை செய்யத் தரும் 491 விசாவில் நம்மவர்கள் இத்தனை பேர் இங்கே வருகிறார்கள். கப்பல் கணக்கிலும் இது சின்ன ஊர்தான். நகரத்திலிருந்து ரயில் ஏறினால் கடைசி ஸ்டேஷன் அவுட்டர் ஹார்பர். கன்டெய்னர் துறைமுகம் அந்தப் பக்கம்தான். முழு கன்டெய்னர் எடுத்தால் சிங்கப்பூர், போர்ட் கிளாங் போன்ற இடத்தில் கப்பல் மாறி அங்கே வந்து இறங்கலாம். ஆனால் எல்சிஎல் எனப்படும், பலர் சாமானும் சேர்ந்து போகும் பங்கு கன்டெய்னரில் அனுப்பினால், அதை மெல்போர்னில் பிரித்து, அங்கிருந்து எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் லாரியில் கொண்டுவருவதும் உண்டு. “கன்டெய்னரை எந்த ஊரில் பிரிப்பீர்கள்? அங்கிருந்து அடிலெய்டு வரும் லாரிக் கூலி இந்த விலைக்குள்ளா?” என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கம்பெனியைப் பாருங்கள்.

இருபது அடி கன்டெய்னரில் ஏறத்தாழ 33 கன மீட்டர் கொள்ளும். ஃபிளாட்டிலிருந்து கிளம்பும் சின்னக் குடும்பத்துக்கு அவ்வளவு தேவைப்படாது, தேவைப்படவும் கூடாது என்பேன். சோபா, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் எதுவும் வேண்டாம். பழைய சாமானை நல்ல நிலையில் இங்கே மலிவாக வாங்கலாம். வாடகை வீடுகளில் அடுப்பு பொதுவாக இருக்கும். நம் கேஸ் அடுப்புக்கு இங்கே வேலையில்லை. அனுப்பத் தகுந்தவை பாத்திரங்கள், குக்கர்கள், புத்தகங்கள், பட்டுப்புடவை அல்லாத துணிகள், பிள்ளைகளின் சாமான்கள். வெட் கிரைண்டரைக் கட்டாயம் அனுப்புங்கள். இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், பிளக் மட்டும்தான் வேறு. நகை, பட்டு, அசல் சான்றிதழ்கள் உங்களோடு விமானத்தில்.

இனி சமையலறை. ஆஸ்திரேலியா பயப்படும் பூச்சிகளில் முக்கியமானது காப்ரா வண்டு. தானியக் கிடங்கில் புகுந்தால் மூட்டை மூட்டையாகப் பாழாக்கும். அதன் புழு இரை இல்லாமலேயே நீண்ட நாள் இடுக்கில் ஒளிந்து கிடக்கும். கோதுமையைப் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் நாடு இது, விடுவார்களா? 2020-லிருந்து அரிசி, துவரை, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, சீரகம், கொத்தமல்லி விதை, காய்ந்த மிளகாய் போன்றவற்றுக்குத் உங்களோடு வராமல் தனியாக வரும் வீட்டுச் சாமானில் அனுமதி கிடையாது. அம்மா ஆசையாகக் காயவைத்துக் கொடுத்த மிளகாயும் இதில் அடக்கம். இதெல்லாம் இங்கே கடையில் கிடைக்கிறது, அலைய வேண்டியதில்லை.

தெரிந்து யாரும் வைப்பதில்லை. சிக்கல் பேக்கிங் நாளில் வருகிறது. ஆட்கள் நாலு பேர் வந்து சமையலறை அலமாரியை அப்படியே குமிழ் உறையில் சுற்றி அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டே போவார்கள். அஞ்சறைப்பெட்டி உள்ளே சீரகத்தோடு போய்விடும். முந்தைய நாளே அதைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். கிரைண்டரின் கல்லைத் தூக்கி, டிரம்மின் நடுக்குழாயைச் சுற்றிக் காய்ந்து ஒட்டியிருக்கும் மாவைப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். கிரிக்கெட் ஷூவின் முள்ளுக்கு இடையே இருக்கும் மண், சைக்கிள் டயர், வேக்குவம் கிளீனரின் பை இவற்றையும் பாருங்கள். அதிகாரி பெட்டியைத் திறந்து பார்க்கும் நேரத்துக்கும் காசு உங்களுடையது. சுத்தம் செய்யச் சொன்னால் அதற்கும் தனி பில். தென்னந்துடைப்பத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிட்டு வாருங்கள்.

வரி விஷயம் எளிது. புறப்படுவதற்கு முன் 12 மாதமாவது நீங்கள் சொந்தமாக வைத்துப் பயன்படுத்திய சாமானுக்கு வரி இல்லை. கிளம்பும் அவசரத்தில் வாங்கிய புது மிக்ஸிக்கு 10 சதவீத ஜிஎஸ்டி வரலாம், சில பொருளுக்குச் சுங்கமும் சேரும், அதனால் ரசீதை வைத்திருங்கள். இதற்கான படிவம் பி534. பாஸ்போர்ட் நகலோடு நீங்கள்தான் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். பேக்கிங் லிஸ்ட்டில் ‘சமையல் பொருட்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுத விட்டால் அந்தப் பெட்டியைத்தான் முதலில் திறப்பார்கள். ‘ஸ்டீல் பாத்திரம், குக்கர் 2’ என்று எழுதச் சொல்லுங்கள்.

நம் பக்கக் கஸ்டம்ஸையும் மறக்க வேண்டாம். மயிலிறகை ஏற்றுமதி செய்யவே கூடாது. நூறு ஆண்டைத் தாண்டிய சிலைகளும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நாட்டைவிட்டுப் போக முடியாது. வீட்டுப் பூஜையறையில் இருக்கும் வெண்கல நடராஜர் புதிதாகவே இருந்தாலும், பார்ப்பவருக்கு அது எப்படித் தெரியும்? தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கி வையுங்கள். மரச்சட்டத்தில் அடைத்து அனுப்பினால் அந்த மரத்தில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை, அதாவது பூச்சி இல்லாமல் பதப்படுத்திய மரம் என்று காட்டும் சர்வதேச முத்திரை, இருக்க வேண்டும், இல்லையென்றால் இங்கே நிறுத்திவிடுவார்கள்.

இன்சூரன்ஸ் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நீங்களே கட்டிய பெட்டியில் உடைந்ததற்குப் பல பாலிசிகள் பணம் தராது. எனவே கண்ணாடியையும் பீங்கானையும் பேக்கர்ஸ் ஆட்களே கட்டட்டும், துணியையும் புத்தகத்தையும் நீங்கள் கட்டுங்கள்.

பங்கு கன்டெய்னர் என்றால் இரண்டு மாதமாவது ஆகும், மூன்று ஆனாலும் ஆச்சரியமில்லை. அதற்குள் வாடகை வீடு அமையாவிட்டால் டிப்போவில் இலவச நாட்கள் முடிந்து தினவாடகை ஏறும். வேலையும் வீடும் உறுதியாகாதவர்கள் சாமானை ஊரில் தெரிந்தவர் வீட்டில் வைத்துவிட்டு, இங்கே வந்து முகவரி கிடைத்த பிறகு ஏற்றச் சொல்வதே மேல். லாரி வாசலுக்கு வரும் நாளில், பெட்டி எண்களை லிஸ்ட்டோடு ஒத்துப் பார்த்து, நசுங்கிய பெட்டியை லாரிக்காரர் முன்னாலேயே போட்டோ எடுத்து, அவருடைய தாளில் அதை எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.