பிரான்சில் பிரெஞ்சு பயிலச் செல்லும் மாணவர் கவனத்திற்கு

ஒரு பருவமோ ஓராண்டோ பிரான்சில் தங்கிப் பிரெஞ்சு பயிலச் செல்லும் மாணவர் பலர், வகுப்பறையே மொழியைத் தந்துவிடும் என்று நம்பிப் புறப்படுகிறார்கள். வாரத்திற்கு 20 மணி நேர வகுப்பு என்பது நாம் விழித்திருக்கும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. மீதி நேரத்தை எந்த மொழியில் கழிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே அங்கே சென்றதன் பயன் அமையும்.

முதலில் ஆவணங்களை முடித்துவிடுங்கள். 90 நாட்களுக்கு மேல் தங்குவோருக்கு நீண்டகால விசா தேவை. வதிவிட அனுமதியாகவும் செல்லும் மாணவர் விசாவில் வருவோர், நாட்டுக்குள் நுழைந்த 3 மாதங்களுக்குள் அதனை அரசின் இணையதளத்தில் கட்டணம் செலுத்தி உறுதிப்படுத்த வேண்டும். தவறினால் அங்கே தங்கியிருப்பதே சட்டத்திற்குப் புறம்பாகிவிடும். இதற்குப் பிரான்சில் உள்ள முகவரி வேண்டும். வங்கிக் கணக்கு தொடங்கவும் முகவரிச் சான்று கேட்பார்கள். ஆகையால், பிறர் வீட்டில் தங்குவோர், தங்களுக்கு இடமளித்திருப்பதாக வீட்டாரிடம் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றை முதல் வாரத்திலேயே பெற்றுக்கொள்வது நல்லது.

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், பிரெஞ்சுக் குடும்பம் ஒன்றின் வீட்டில் அறை எடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். அன்றாடம் இரவு உணவு மேசையில் கேட்கும் பேச்சு எந்தப் பாடநூலிலும் கிடைக்காது. உணவுக்கு வர இயலாத நாளில் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். உங்களுக்கும் சேர்த்துச் சமைத்துவிட்டுக் காத்திருப்பார்கள்.

பாடநூலில் தேர்ந்தவர்கூட முதல் சில வாரங்கள் எதுவும் புரியாமல் திகைப்பதுண்டு. எழுத்துத் தமிழையும் பேச்சுத் தமிழையும் ஒருங்கே கையாளும் நமக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்பது நம் வாயில் 'வந்துட்டிருக்கேன்' ஆவதைப் போல, 'எனக்குத் தெரியாது' என்று பொருள்படும் 'ஜெ நெ சே பா' அங்கே 'ஷே பா' என்று சுருங்கிவிடுகிறது. எதிர்மறையில் வரும் 'நெ' பேச்சில் பெரும்பாலும் மறைந்துவிடும். 'நாங்கள்' என்பதைக் குறிக்கும் 'நூ' என்ற சொல்லின் இடத்தை 'ஓன்' பிடித்துக்கொள்ளும். இவற்றை முன்னரே அறிந்து செல்பவருக்குத் தம் திறமை மீதே ஐயம் எழாது. பிரான்சின் பன்னாட்டு வானொலியான ஆர்.எஃப்.ஐ எளிய பிரெஞ்சில் வழங்கும் பத்து நிமிடச் செய்தியை எழுத்து வடிவத்துடன் சேர்த்துக் கேட்டு வருவது, புறப்படுவதற்கு முன்பே காதைப் பழக்கும்.

கடைக்குள் நுழைந்ததும், பேருந்தில் ஏறியதும் 'போன்ஜூர்' சொல்லாமல் கேள்வியைத் தொடங்காதீர்கள். அங்கே அது மரியாதைக் குறைவாகவே கருதப்படும். அறிமுகமற்ற பெரியவர், ஆசிரியர், கடைக்காரர் அனைவரிடமும் 'நீங்கள்' என்பதற்கான 'வூ' என்றே பேசுங்கள். சக மாணவர்கள் முதல் நாளிலிருந்தே 'நீ' என்பதற்கான 'து'வில் அழைப்பது இயல்பு. உங்கள் தடுமாற்றத்தைக் கண்டு யாரேனும் ஆங்கிலத்திற்கு மாறினால், பிரெஞ்சிலேயே பேச விரும்புவதாகப் பணிவுடன் சொல்லுங்கள். பெரும்பாலோர் மகிழ்ந்து பொறுமையுடன் உதவுவார்கள். அதைவிடக் கடினமானது, தாய்மொழி பேசும் நண்பர் கூட்டத்தின் கதகதப்பிலிருந்து சற்று விலகி நிற்பது. அவர்களை முற்றிலும் தவிர்க்க வேண்டியதில்லை. ஆனால் வாரத்தில் சில மாலைகளையேனும் விளையாட்டுச் சங்கத்திற்கோ பாடகர் குழுவிற்கோ ஒதுக்கி, அங்கே பிரெஞ்சில் மட்டும் பேசிப் பழகுங்கள்.

எண்களுக்குத் தனியே பயிற்சி தேவை. பத்து இலக்கத் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகவே சொல்வார்கள். 75 என்பதை 'அறுபதும் பதினைந்தும்' என்றும், 92 என்பதை 'நான்கு இருபதும் பன்னிரண்டும்' என்றும் சொல்வதால், 'அறுபது' கேட்டதும் 6 என்று எழுதிவிட்டுப் பிறகு அடித்துத் திருத்த நேரும். அவசர உதவிக்கான எண்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: மருத்துவ உதவிக்கு 15, காவல்துறைக்கு 17, தீயணைப்புக்கு 18, எதற்கும் பொதுவாக 112.

சான்றிதழ் பெற விரும்பினால் தேர்வுக்கான பதிவை வந்தவுடன் விசாரியுங்கள். பிரெஞ்சு மொழித்திறனுக்கான அரசுப் பட்டயமாகிய டெல்ஃப் வாழ்நாள் முழுதும் செல்லும். அதே திறனை அளக்கும் டிசிஎஃப் என்ற தேர்வின் முடிவு 2 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பில் சேரும் எண்ணம் இருந்தால், பல துறைகள் எதிர்பார்க்கும் பி2 நிலைத் (மேல் இடைநிலை) தேர்வைத் தங்கியிருக்கும் காலத்தின் இறுதி மாதத்தில் எழுதுமாறு திட்டமிடுங்கள்; காது நன்கு பழகியிருக்கும் காலம் அதுவே.