ஆடிய மூலை

சென்ற மே மாதம் என் மேசைக் கணினி மாவு மில் போல இரைய ஆரம்பித்தது. மதுரை வெயில், மொட்டைமாடிக்குக் கீழே அறை. வீடியோ தொகுக்க உட்கார்ந்தால் பிராசஸர் 97 டிகிரியைத் தொட்டு, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

முதலில் வெயில்மேல் பழி போட்டேன். பக்கவாட்டு மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். தூசி சேர்ந்ததுதான் மிச்சம்.

டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. பிராசஸர்மேல் உட்கார்ந்து அதன் சூட்டை இழுக்கும் கூலரை, மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையில் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று துளைக்குள் முழுதாக இறங்கவே இல்லை. விரல் வைத்தால் அந்த மூலை ஆடியது. கழற்றினேன். இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் ஒரு பாதியில் பொருக்குத் தட்டியிருந்தது. மறுபாதி கூலரில் ஒட்டிய தடயமே இல்லை. இரண்டு வருடம் இப்படியே ஓட்டியிருக்கிறேன்!

ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, எதிரெதிர் மூலைகளாக அழுத்தினேன். நான்கும் 'டக்'கென்று பதிந்தன.

மிச்சமிருந்தது பின்புறத்து 80 மி.மீ. விசிறியின் கீச்சொலி. கேபினெட்டில் 120 மி.மீ. விசிறிக்கும் திருகுத் துளைகள் இருந்தன. பொருத்தித் தந்தவர் ஏன் சின்னதைப் போட்டாரோ! பெரியது மெதுவாகச் சுழன்றே அதே அளவு காற்றைத் தள்ளிவிடும். முன்னால் உள்ளிழுக்க ஒன்று, பின்னால் வெளியேற்ற ஒன்று என மாட்டி, 60 டிகிரி வரை விசிறிகளின் வேகம் ஏறாதபடி பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளுக்கான திரையில்) அமைத்தேன்.

இப்போது அதே வேலைக்கு 74 டிகிரி. இரவில் சுவர்க்கடிகாரத்தின் முள் நகர்வது கேட்கிறது. கடிகாரத்தை வேறு அறைக்கு மாற்ற வேண்டும்.