ரீஸ்டார்ட் செய்தும் 'ரீஸ்டார்ட் செய்யுங்கள்' என்றே வருகிறதா? சரிசெய்யும் வழி

விண்டோஸில் எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளைப் போடும்போது, 'ரீஸ்டார்ட் கம்ப்யூட்டர்' என்ற சோதனை ஃபெயில் ஆகி இன்ஸ்டால் அங்கேயே நின்றுவிடும். மறுபடி ஆன் செய்து பார்த்தாலும் சில சமயம் அதே கதைதான்.

ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது, அது பிடித்து வைத்திருக்கும் ஃபைலை மாற்ற முடியாது. எனவே இன்ஸ்டாலர், 'அடுத்த பூட்டில் இதை மாற்று, இதை அழி' என்று ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) எழுதி வைக்கிறது. பூட் ஆகும் தொடக்கத்திலேயே விண்டோஸ் அதைப் படித்து வேலையை முடிக்கும். அதற்குமுன் இன்னொரு மென்பொருளை ஏற்றினால் பழைய ஃபைலும் புதிய ஃபைலும் கலந்துபோகலாம். தடுப்பது அதற்காகத்தான்.

படி 1: ஷட் டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுங்கள். பலர் தவறுவது இங்கேதான். விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், ஷட் டவுன் செய்யும்போது கெர்னலின் (விண்டோஸின் மையப் பகுதி) நிலை டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, ஆன் செய்ததும் அப்படியே திரும்பி வரும். முழு பூட் நடக்காது. ரீஸ்டார்ட்டில் நடக்கும்.

படி 2: செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்து, பாதியில் நிற்பதை முடியுங்கள். இரண்டாவது ரீஸ்டார்ட்டும் தேவைப்படலாம்.

படி 3: இன்னும் தடுக்கிறதா? ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், செஷன் மேனேஜர் என்று போங்கள். வலப்பக்கம் 'பெண்டிங் ஃபைல் ரீநேம் ஆபரேஷன்ஸ்' இருந்தால் திறந்து பாருங்கள். வரிகள் ஜோடி ஜோடியாக இருக்கும்: முதல் வரி ஃபைல், அடுத்தது அதன் புதிய பெயர். அடுத்த வரி காலியாக இருந்தால் அந்த ஃபைலை அழிக்க வேண்டும் என்று பொருள்.

படித்ததும் கேன்சல் அழுத்துங்கள், ஓகே வேண்டவே வேண்டாம். ஓகே கொடுத்தால் காலி வரிகளை எடிட்டர் நீக்கிவிடும். ஜோடிகள் இடம் மாறி, அழிய வேண்டிய ஃபைலுக்கு வேறொரு ஃபைலின் பெயர் புதிய பெயராகப் போய்ச் சேரும்.

படி 4: ஃபைல் இருக்கும் ஃபோல்டரே யார் எழுதியது என்று காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் பிரவுசர் அப்டேட்டர், பிரிண்டர் டிரைவர், ஆன்டிவைரஸ். ஒவ்வொரு பூட்டுக்குப் பிறகும் திரும்பத் திரும்ப எழுதுகிற மென்பொருளை முதலில் அப்டேட் செய்யுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். எல்லா வரிகளும் டெம்ப் ஃபோல்டரில் அழிக்க வேண்டியவையாகவே இருந்தால் மட்டும், செஷன் மேனேஜரை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு அந்த ஒரு பதிவை நீக்கலாம். ரெஜிஸ்ட்ரியில் 'காம்பொனன்ட் பேஸ்டு சர்வீஸிங்' கீழுள்ள 'ரீபூட் பெண்டிங்'கைக் கையால் அழிக்காதீர்கள். அது விண்டோஸ் அப்டேட்டின் சொந்தக் கணக்கு.

பல கணினிகளில் ஸ்கிரிப்ட் மூலம் எம்எஸ்ஐ (விண்டோஸ் இன்ஸ்டாலர் ஃபைல்) ஏற்றுபவர்கள், முடிவில் அது திருப்பித் தரும் எண்ணான எக்ஸிட் கோடைப் பாருங்கள். 3010 வந்தால் இன்ஸ்டால் வெற்றி, ரீஸ்டார்ட் மட்டும் பாக்கி. இதைத் தோல்வி என்று எண்ணி மறுபடி ஓட்டாதீர்கள். 1641 என்றால் ரீஸ்டார்ட்டை இன்ஸ்டாலரே தொடங்கிவிட்டது. 1618 என்றால் வேறொரு இன்ஸ்டால் ஓடுகிறது. அது முடியும்வரை பொறுத்து மறுபடி முயலுங்கள்.