அமெரிக்க அவசரக் கடன் ஆவணங்களைக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் சிறுதொழில் நிர்வாகம் என்றொரு மத்திய அரசு அமைப்பு இருக்கிறது. எஸ்.பி.ஏ. என்றால்தான் பலருக்கும் தெரியும். சூறாவளி, வெள்ளம், காட்டுத்தீ வந்தால் வீட்டுக்காரருக்கும் கடைக்காரருக்கும் நேரடியாகக் கடன் கொடுப்பது இதுதான். 2020-ல் கொரோனா முடக்கத்தின்போது சம்பளப் பாதுகாப்புத் திட்டத்தை, அதாவது பி.பி.பி.யை, நடத்தியதும் இதுதான். இந்தப் பணம் யாருக்குப் போனது என்று தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் கேட்கப் புதிதாக வருகிறவர்கள், முன்னால் வந்தவர்கள் விழுந்த அதே குழிகளில்தான் விழுகிறார்கள்.

தேதி போட மறப்பது, மின்னஞ்சல் முகவரியைத் தப்பாக அடிப்பது போன்றவற்றை விட்டுவிடலாம். அவை ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். மாதக்கணக்கில் நேரத்தைத் தின்பவை வேறு.

## ஏற்கெனவே வெளியில் இருப்பதைக் கேட்பது

சிறுதொழில்களுக்கு எஸ்.பி.ஏ. வழக்கமாக நடத்தும் 7(ஏ), 504 என்ற கடன் திட்டங்களின் பட்டியல் 1991 நிதியாண்டிலிருந்து அதன் தரவுத் தளத்தில் கிடக்கிறது. கடன் வாங்கியவர் பெயர், முகவரி, தொகை, கொடுத்த வங்கி எல்லாம் அதில் உண்டு. பி.பி.பி. கடன்களும் அப்படியே: 1,50,000 டாலரும் அதற்கு மேலும் வாங்கியவர்களுக்கு ஒரு கோப்பு, அதற்குக் கீழே வாங்கியவர்களுக்குப் பல கோப்புகள். முதலில் அவற்றை இறக்கிப் பாருங்கள். கோரிக்கையில் "வெளியிட்ட கோப்பில் இல்லாத இந்த விவரம் மட்டும் வேண்டும்" என்று எழுதினால், இணைய முகவரி ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டுக் கோப்பை மூட அதிகாரிக்கு வழி இருக்காது.

## கோப்பு யார் கையில் என்று பார்க்காதது

பி.பி.பி. கடனைக் கொடுத்தது வங்கி. எஸ்.பி.ஏ. கொடுத்தது உத்தரவாதம். கடன் வாங்கியவர் தந்த சம்பளப் பட்டியலும் வங்கி அறிக்கைகளும் பெரும்பாலும் வங்கியிடமே தங்கிவிட்டன; எஸ்.பி.ஏ.யின் கணினிக்கு வந்தது தரவு மட்டும். தனியார் வங்கி தகவல் சுதந்திரச் சட்டத்துக்குள் வராது. ஆகவே முழுக் கடன் கோப்பையும் கேட்டால் "எங்களிடம் அப்படி ஆவணம் இல்லை" என்ற பதில் வரலாம், அது பொய்யாகவும் இருக்காது.

பேரிடர் கடன் அப்படியல்ல. அங்கே கடன் கொடுப்பதே எஸ்.பி.ஏ.தான். விண்ணப்பம், இழப்பு மதிப்பீடு, அதிகாரியின் குறிப்பு, ஒப்பந்தம் எல்லாம் அதன் வசமே இருக்கும். கேட்க வேண்டியதும் அங்கேதான்.

உங்கள் சொந்தக் கடன் கோப்பு வேண்டுமென்றால், கோரிக்கையில் 1974-ன் அந்தரங்கச் சட்டத்தையும் சேர்த்துக் குறிப்பிட்டு, அடையாளச் சான்று இணையுங்கள். வெறும் தகவல் சுதந்திரக் கோரிக்கையாக அனுப்பினால், உங்கள் விவரத்தையே உங்களிடமிருந்து மறைத்துக் கறுப்பு மை பூசி அனுப்புவார்கள்.

1953-க்கு முந்தைய கடன்களைத் தேடுகிறவர்கள் எஸ்.பி.ஏ.க்கு எழுதவே வேண்டாம். அன்றைய அவசரக் கடன் அமைப்பு 1932-ல் தொடங்கிய புனரமைப்பு நிதிக் கழகம், ஆர்.எஃப்.சி. அதன் ஆவணங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் 234-ஆம் தொகுதியாக இருக்கின்றன.

## மறுப்புக் கடிதத்தை முடிவு என்று எடுத்துக்கொள்வது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் மூட்டுவது இந்தத் தவறுதான். கடிதம் வருகிறது. "விலக்கு 4, விலக்கு 6" என்று இரண்டு எண்கள், கீழே ஒரு கையெழுத்து. படித்தவர் அதை மடித்து வைத்துவிடுகிறார். சட்டம் அனுமதிக்கவில்லை போலிருக்கிறது என்று தானே தீர்ப்பும் எழுதிக்கொள்கிறார். அந்த எண்கள் ஆவணத்தை வைத்திருக்கும் அரசு நிறுவனத்தின் வாதம் மட்டுமே. வாதத்துக்குப் பதில் சொல்லலாம்.

தராமல் வைத்துக்கொள்ளச் சட்டம் விடும் தகவல் வகைகள்தான் விலக்குகள். விலக்கு 4 என்பது ஒருவரிடமிருந்து பெற்ற, ரகசியமான வணிக, நிதித் தகவல். விலக்கு 6 என்பது வெளியிட்டால் தனிமனித அந்தரங்கத்தில் நியாயமற்ற தலையீடாகும் தகவல். அரசுக் கடன் விஷயத்தில் இந்த இரண்டும் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதற்குப் பி.பி.பி. வழக்கே போதும்.

2020 மார்ச் 27-ல் பி.பி.பி.க்கான சட்டம் கையெழுத்தானது. முதல் ஒதுக்கீடு 34,900 கோடி டாலர். கடன் தரத் தொடங்கிய இரண்டே வாரத்தில் தீர்ந்தது. பெயர்களைக் கேட்டுச் செய்தி நிறுவனங்கள் மே மாதம் வழக்குப் போட்டன. ஜூன் மாதம் நிதியமைச்சர் ஸ்டீவன் முனூச்சின், பெயரும் தொகையும் கடன் வாங்கிய நிறுவனங்களின் சொந்தத் தகவல் என்று செனட் குழுவிடம் சொன்னார். எதிர்ப்பு கிளம்பியதும் ஜூலை 6-ல் பாதிக் கதவைத் திறந்தார்கள்: 1,50,000 டாலர் முதல் பெரிய கடன்களுக்குப் பெயர் உண்டு, துல்லியமான தொகை கிடையாது, "20 லட்சம் முதல் 50 லட்சம் வரை" என்பது போன்ற வரம்பு மட்டும். சிறிய கடன்களுக்குத் தொகை உண்டு, பெயர் கிடையாது. சுமார் 49 லட்சம் கடன்களில் பெயர் தெரிந்தது சுமார் 6.6 லட்சத்துக்குத்தான். பலர் அத்தோடு திருப்தி அடைந்தார்கள்.

வழக்கை விடாதவர்களுக்கு நவம்பர் 5-ல் வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றத்தில் தீர்ப்பு கிடைத்தது. எல்லாப் பெயர்களையும் முகவரிகளையும் துல்லியமான தொகைகளையும் வெளியிடச் சொன்னார் நீதிபதி ஜேம்ஸ் போஸ்பர்க். டிசம்பர் 1-ல் அவை வெளிவந்தன.

வழக்கைத் திருப்பியதில் பெரும்பங்கு கடன் வாங்கியவர்களே கையெழுத்திட்ட விண்ணப்பப் படிவத்துக்கு உண்டு. அங்கீகரித்த கடன்களில் கடன் வாங்கியவர் பெயர், தொகை, பொதுவான நோக்கம் போன்றவை தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் வெளியாகும் என்று படிவம் 2483-லேயே அச்சிட்டிருந்தது. வெளியிடுவோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு, ரகசியம் என்று நம்பித்தான் கொடுத்தார்கள் என்று பிறகு எப்படி வாதாடுவது? அதோடு பி.பி.பி. சட்டப்படி 7(ஏ) திட்டத்தின் நீட்சி. அந்தத் திட்டத்தின் பெயர்களை எஸ்.பி.ஏ. பல வருடங்களாகத் தானே வெளியிட்டு வந்திருக்கிறது.

ஆகவே மறுப்பு வந்தால் முதல் வேலை, அந்தக் கடனுக்கான விண்ணப்பப் படிவத்தை, அந்த வருடப் பதிப்பையே, தேடி எடுப்பது. சிறிய எழுத்தில் இருக்கும் பக்கங்களைப் படியுங்கள். வெளியீடு பற்றிய வரியை, மறுத்த அரசு நிறுவனத்திடமே செய்யும் மேல்முறையீட்டில் அப்படியே எடுத்து எழுதுங்கள். அதன் பிறகு நான்கு வாதங்களை வையுங்கள்.

கடன் கொடுத்த உண்மை, தேதி, தொகை ஆகியவை அரசு நிறுவனம் தானே உருவாக்கிய தகவல்கள்; ஒருவரிடமிருந்து "பெற்றவை" அல்ல. மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் அவசரக் கடன்களைப் பற்றிப் புளூம்பெர்க் செய்தி நிறுவனம் தொடுத்த வழக்கில் இரண்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010 மார்ச்சில் சொன்னது இதைத்தான். உச்ச நீதிமன்றம் ஒரு வருடம் கழித்துத் தலையிட மறுத்தது. சுமார் 29,000 பக்கங்கள் வெளிவந்தன.

உண்மையிலேயே கடன் வாங்கியவரிடமிருந்து வந்த தகவல் என்றால், அவர் அதை வழக்கமாக ரகசியமாக வைக்கிறாரா என்று கேளுங்கள். 2019-ல் ஆர்கஸ் லீடர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இது. ரகசியம் காப்போம் என்று அரசு உறுதி கொடுத்ததா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். படிவம் நேர்மாறாகச் சொல்லும் இடத்தில் அந்த உறுதிக்கு இடமில்லை.

2016 திருத்தத்துக்குப் பிறகு விலக்கு பொருந்துகிறது என்று சொன்னால் மட்டும் போதாது. வெளியிட்டால் எந்தத் தீங்கு வரும் என்று நியாயமாக எதிர்பார்க்க முடிகிறது என்பதையும் அரசு நிறுவனம் காட்ட வேண்டும். கடிதத்தில் அது இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள்.

கடைசியாக, பிரித்துக் கொடுக்கக்கூடியதைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். சமூகப் பாதுகாப்பு எண்ணை மறைக்க முழுப் பக்கத்தையும் நிறுத்தி வைக்க முடியாது.

பெயர் வெளியானால் வாடிக்கையாளர்கள் பயந்து ஓடுவார்கள் என்ற வாதமும் வரும். இதற்கு வயது தொண்ணூறுக்கு மேல். ஆர்.எஃப்.சி. முதல் மாதங்களில் ரகசியமாகவே கடன் கொடுத்தது. அதன் தலைவர் பதவியை விட்டுப் போன சார்லஸ் டாஸோடு தொடர்புடைய சிகாகோ வங்கிக்குச் சுமார் 9 கோடி டாலர் போனது தெரிந்ததும் கோபம் கிளம்பியது. 1932 ஜூலைச் சட்டம் மாதந்தோறும் அறிக்கை கேட்டது, ஆகஸ்டிலிருந்து பெயர்கள் அச்சேறின. வங்கிகள் அன்று பயந்ததில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் பயம் என்ற சொல் மட்டும் விலக்காகாது. வழக்கு முடியும்போது கடனுக்கு வயதாகியிருக்கும், பயத்துக்கான காரணமும் தேய்ந்திருக்கும்.

எல்லாம் கிடைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். வருமான வரிப் படிவங்கள், வங்கிக் கணக்கு எண்கள், கடன் மதிப்பெண் போன்றவை கிடைக்காது. நிராகரித்த விண்ணப்பங்களின் பெயர்களும் அப்படியே, ஏனெனில் படிவத்தின் எச்சரிக்கை அங்கீகரித்த கடன்களுக்கு மட்டுமே. இவற்றையும் சேர்த்துக் கேட்டால், கிடைக்க வேண்டியதும் அதனோடு தாமதமாகும்.

## 90 நாளை எண்ணாதது

மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 90 நாள் அவகாசம். கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள், கடிதத்தில் போட்டிருக்கும் தேதியிலிருந்து எண்ணுங்கள்.

இதற்குள் இன்னொரு பொறி இருக்கிறது. முதல் கோரிக்கைக்கு 20 வேலை நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு இல்லாமலே நீதிமன்றம் போகலாம். ஆனால் நீங்கள் வழக்குத் தொடுப்பதற்கு முன்பு, எவ்வளவு தாமதமாக வந்தாலும், முழுமையான பதில் ஒன்று வந்துவிட்டால் அந்த வழி அடைபடும். முதலில் மேல்முறையீடு செய்துதான் ஆக வேண்டும். தாமதத்தையே தன் பலமாக நினைத்து உட்கார்ந்திருக்கிறவர் இதில் மாட்டிக்கொள்கிறார்.

## கேள்வி கேட்பது

சட்டம் ஆவணத்தைத் தரச் சொல்கிறது. கேள்விக்கு விடை எழுதச் சொல்லவில்லை.

## "தொடர்புடைய எல்லா ஆவணங்களும்"

இப்படி எழுதினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், 20 நாள் கடிகாரமும் நிற்கும். அதற்குப் பதில் போடாவிட்டால் கோரிக்கையை மூடிவிடுவார்கள். எழுத வேண்டியவை: எந்தத் திட்டம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த மாநிலம் அல்லது மாவட்டம், அட்டவணையின் எந்தெந்தப் பத்திகள் (நெடுவரிசைகள்), எந்த வடிவம். அட்டவணையைப் பிடிஎஃப் ஆக வாங்காதீர்கள். கணினியில் இருக்கும் தரவை அந்த வடிவிலேயே கேட்கும் உரிமை 1996 திருத்தத்திலிருந்து இருக்கிறது. இருக்கும் தரவுத்தளத்தில் தேடி எடுத்துத் தருவதைப் புது ஆவணம் உருவாக்குவது என்று சொல்லித் தட்டிக்கழித்தால், 9-ஆவது வட்டார நீதிமன்றம் 2020-ல் அதை ஏற்கவில்லை என்று சுட்டிக்காட்டுங்கள்.

## கட்டண வகையைச் சொல்லாதது

வணிக நோக்கமில்லாத சாதாரண ஆளுக்கு முதல் 2 மணி நேரத் தேடலும் 100 பக்கமும் இலவசம். செய்தியாளருக்கும் கல்வி நிறுவனத்துக்கும் தேடலுக்குக் கட்டணமே கிடையாது, 100 பக்கத்துக்கு மேற்பட்ட நகலுக்கு மட்டும் உண்டு. எந்த வகை என்பதை முதல் வரியிலேயே எழுதி, "25 டாலருக்கு மேல் போனால் முதலில் சொல்லுங்கள்" என்று வரம்பும் போடுங்கள்.

## குடியுரிமை இல்லையே என்று தயங்குவது

தேவையில்லை. சட்டம் "எவரும்" என்கிறது.

## கிடைத்த தரவைத் தப்பாகப் படிப்பது

பி.பி.பி. கோப்பில் முதலில் அனுமதித்த தொகை, இப்போதைய அனுமதித் தொகை, தள்ளுபடியான தொகை ஆகியவை தனித்தனிப் பத்திகள். முதலாவதை எடுத்து "இவ்வளவு வாங்கினார்" என்று எழுதினால், பிறகு குறைத்த கடனும் முழுதாக வாங்கியதாகிவிடும். ஒரே பெயர் இரண்டு வரியில் வந்தால் அழிக்க அவசரப்படாதீர்கள். செயல்முறைப் பத்தியில் ஒன்றில் பி.பி.பி. என்றும் மற்றதில் பி.பி.எஸ். என்றும் இருந்தால் அவை முதல் கடனும் இரண்டாம் கடனும். வேலை எண்ணிக்கைப் பத்தி, விண்ணப்பதாரர் சொன்னது. யாரும் சரிபார்த்த எண் அல்ல.

நிலைமைப் பத்தியில் "விலக்கு 4" என்று இருக்கும் வரிகளைப் பார்த்து, எதையோ மறைக்கிறார்கள், மோசடியாக இருக்கும் என்று எழுதியவர்கள் உண்டு. கடன் கொடுத்தாயிற்று, அது முழுதாகத் தீரவும் இல்லை, வாராக் கடனாகத் தள்ளவும் இல்லை என்பதுதான் அதன் பொருள். கோப்போடு வரும் தரவு அகராதியில் அது எழுதியிருக்கிறது.