வாசல்வரை வரும் துணிச்சல்கார நரி: என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது?

“சென்னையில் ஏது நரி?” என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வடக்கே குடியிருப்பவர்கள். கிண்டி தேசியப் பூங்கா, அதை ஒட்டிய ஐஐடி வளாகம், அடையாறு தியசாபிகல் சொசைட்டி தோட்டம், பள்ளிக்கரணை சதுப்புநிலம், இவற்றின் பக்கத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ராத்திரி ஊளைச் சத்தம் புதிதல்ல. கிண்டிப் பூங்கா மொத்தமே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான். நாலு பக்கமும் ரோடு. அங்கே இருக்கும் நரி எப்போதாவது மதில் தாண்டி வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

வந்துவிட்டுப் போகிற நரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். “நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி” என்று நம் ஊரில் சொல்வது சும்மா இல்லை. இந்தக் குறிப்பு வேறொரு நரிக்கானது. நீங்கள் கதவைத் திறந்தாலும் நகராமல் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று உங்களையே பார்க்கும் நரி. குழந்தை விளையாடும்போதே காம்பவுண்டுக்குள் எட்டிப் பார்க்கும் நரி. அதற்கு அந்தத் துணிச்சல் பிறவியில் வந்ததில்லை. இந்தத் தெருவில் சாப்பாடு கிடைக்கும், யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று நாம்தான் கற்றுக்கொடுத்திருக்கிறோம். அதை மறக்கடிப்பதுதான் வேலை. அதனால் முதலில் சாப்பாட்டை நிறுத்துவது, அப்புறம்தான் விரட்டுவது. வரிசையை மாற்றினால் பலன் இருக்காது.

1. வந்தது நரிதானா?

பாதி புகார்களில் வந்தது சொறி பிடித்த தெருநாயாக இருக்கும். நரி நம் நாட்டு நாயைவிடக் கொஞ்சம் சிறியது. கால்கள் மெலிந்து இருக்கும். முதுகில் கறுப்பும் வெள்ளையும் கலந்த முடி, பக்கவாட்டில் செம்மண் நிறம். வாலைப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்: அடர்த்தியாக, நுனி கறுத்து, தொங்கியபடி இருக்கும். நாயைப் போல மேலே சுருட்டி வைத்துக்கொள்ளாது. ஓட்டுமேலும் மொட்டைமாடியிலும் நடமாடினால் அது மரநாய். பட்டப்பகலில் கோழிக்குஞ்சு காணாமல் போனால் கீரியையும் சந்தேகப்படுங்கள்.

எந்த வழியாக வருகிறது என்று தெரியவில்லையா? கேட்டுக்கு அடியிலும் மதில் ஓட்டைப் பக்கமும் ராத்திரி கோலப்பொடியை மெல்லிசாகத் தூவி வையுங்கள். கல்லுமாவுதான் வேண்டும், அரிசிமாவு போட்டால் எறும்பும் எலியும் வந்து எல்லாத் தடத்தையும் அழித்துவிடும். காலையில் குனிந்து பார்த்தால் நாலு விரல், நகம், நடுவில் ஒரு திண்டு. நாயின் தடமும் இதே மாதிரிதான் இருக்கும், அதனால் தடத்தை மட்டும் வைத்து நரி என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் எந்த இடுக்கு வழியாக நுழைகிறது, எங்கே நேராகப் போகிறது என்று தெரிந்துவிடும். போகிற இடம் குப்பைத்தொட்டியா, கோழிக்கூண்டா, பூனைக்கு வைத்த கிண்ணமா? உங்களுக்கு வேண்டியது அந்த விவரம்தான்.

2. பழகிப்போன நரியா, நோய் கண்ட நரியா?

இதைப் பிரித்துப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. பகலில் நரியைப் பார்த்தாலே வெறி பிடித்தது என்று பயப்படுகிறார்கள். அது சரியில்லை. குட்டிக்கு இரை தேடும் காலத்தில் நரி பகலிலும் வெளியே வரும். பழகிய நரி நன்றாக நடக்கும், காதை ஆட்டும், உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும், நீங்கள் ஒரு அடி வைத்தால் அது இரண்டு அடி பின்வாங்கும்.

தள்ளாடி நடப்பது, பின்னங்கால் இழுப்பது, வாய் தொங்கி எச்சில் ஒழுகுவது, கம்பு, செருப்பு என்று கண்டதைக் கடிப்பது, சத்தம் போட்டாலும் நேராக ஆளையோ நாயையோ நோக்கி வருவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அது வேறு விஷயம். ரேபிஸாக (வெறிநோய்) இருக்கலாம், நாய் இனத்துக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயாகவும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், நாம் வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. எல்லோரும் உள்ளே போங்கள், நாயை உள்ளே கட்டுங்கள், மாடியில் இருந்து அது போகும் திசையைப் பாருங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். கீழே உள்ள படிகள் இந்த நரிக்கு இல்லை.

3. சாப்பாட்டை நிறுத்துங்கள்

நேரத்தில் முக்கால்வாசியை இதற்கே செலவிடுங்கள். நரிக்கு இதுதான் வேண்டும் என்று கிடையாது. எலி, நண்டு, நாவல்பழம், செத்த கோழி, சாம்பார் சாதம், எல்லாமே சரி. அதனால் உங்கள் வீட்டை அதன் உயரத்தில் இருந்து ஒரு சுற்று பார்க்க வேண்டும்.

முதல் குற்றவாளி, தெருநாய்க்கும் பூனைக்கும் ராத்திரி வைக்கும் சாப்பாடு. வைப்பவர் நல்ல மனசுக்காரராகத்தான் இருப்பார். பிரியாணி எலும்பையும் மிச்சச் சோற்றையும் பேப்பரில் கொட்டிவிட்டுப் போவார். நாய் பாதியைத் தின்னும், மீதிக்கு எலி வரும், எலிக்கும் எலும்புக்கும் நரி வரும். அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். “அம்மா, சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வையுங்க, சாப்பிட்டு முடிச்சதும் தட்டை எடுத்துடுங்க” என்று சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். நாய்க்குச் சோறே போடாதே என்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இரண்டாவது, காக்கைக்கு வைக்கும் சோறு. அமாவாசையன்று மதில்மேல் வடையும் பாயசமும் வைத்து, காக்கை தொடாத மிச்சம் அப்படியே கிடக்கும். வைக்க வேண்டாம் என்று சொல்ல நான் யார்? மதியம் தாண்டியதும் மிச்சத்தை எடுத்துவிட்டால் போதும். மதிலுக்குக் கீழே சிந்தியதையும் கூட்டி அள்ளுங்கள்.

மூன்றாவது குப்பை. காலை வண்டிக்காக முந்தின ராத்திரியே மக்கும் குப்பையை வாசலில் வைப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். மீன் செதில், கோழித்தோல் எல்லாம் ராத்திரி முழுக்க அங்கே இருந்தால் தெருவில் இருக்கும் எல்லா மிருகமும் வரும். மீன், கறிக் கழிவை மட்டும் ஒரு பையில் கட்டி ஃப்ரீஸரில் வைத்து, வண்டி வரும்போது நேராகக் கையில் கொடுங்கள். வீட்டில் முகம் சுளிப்பார்கள், ஒரு வாரத்தில் பழகிவிடும். தெருமுனைத் தொட்டி நிரம்பி வழிந்தால், காலி மனையில் யாராவது கறிக்கடைக் கழிவைக் கொட்டினால், மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் கொடுங்கள். ஒரே வீட்டில் இருந்து போகும் பத்து புகாரைவிட, பத்து வீட்டில் இருந்து போகும் ஒவ்வொரு புகார் வேலை செய்யும்.

அப்புறம் மரத்தடி. உதிர்ந்த மாம்பழம், சப்போட்டா, கொய்யாவை சாயங்காலமே பொறுக்கிவிடுங்கள். தோட்டத்தில் உரக்குழி இருந்தால் மூடியுள்ள தொட்டிக்கு மாற்றுங்கள்.

எலிக்கு விஷம் மட்டும் வைக்காதீர்கள். விஷம் தின்ற எலியை நரியும் ஆந்தையும் உங்கள் வீட்டுப் பூனையும் தின்னும்.

4. நுழையும் வழியை அடைத்துவிடுங்கள்

கேட்டுக்கு அடியில் நாய்க்குட்டி நுழையும் இடைவெளி இருந்தால் ஒரு இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். மதிலின் தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கம்பி வலை. மாடிப்படிக்கு அடியிலும் தண்ணீர் தொட்டிக்குப் பின்னாலும் பழைய சாமான் குவித்து வைக்காதீர்கள். அங்கே எலி குடியேறும், அதைத் தேடி மற்றதும் வரும்.

கோழி வளர்ப்பவர்களுக்குத்தான் கூடுதல் வேலை. கடையில் “கோழி வலை” என்று தரும் அறுகோண வலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், நரியை வெளியே வைக்காது. பல்லால் இழுத்துக் கிழித்துவிடும். அரை அங்குல வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த கட்டம் போட்ட வலை) கேட்டு வாங்குங்கள். நரி தோண்டும் என்பதால் வலையைத் தரையோடு நிறுத்தாமல், கூண்டைச் சுற்றி வெளிப்பக்கமாக ஒரு அடிக்கு மடக்கிப் பரப்பி, மேலே மண் போட்டு மூடுங்கள். சுவர் ஓரத்தில் தோண்ட ஆரம்பித்ததும் வலை தட்டும். ஒரு அடி பின்னால் போய்த் தோண்ட வேண்டும் என்ற யோசனை அதற்கு அவ்வளவு எளிதில் வராது. கொண்டிக்குப் பூட்டோ கொக்கிக் கம்பியோ போடுங்கள். சூரியன் இறங்கும் முன்பே கோழிகள் அடைந்திருக்க வேண்டும்.

5. இப்போது விரட்டுங்கள்

சாப்பாடு நின்றபின் நரி சில நாள் இன்னும் கூடுதலாக வரும். வழக்கமாகக் கிடைத்தது எங்கே என்று தேடும். அந்தச் சமயத்தில் மனம் இளகி ஒரு நாள் ஏதாவது போட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

அது வந்து நிற்கும்போது நேராக நின்று, கையை மேலே தூக்கி, வயிற்றில் இருந்து கத்துங்கள். எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டுங்கள். பழைய பால்பவுடர் டப்பாவில் கூழாங்கல் போட்டு வாசலிலேயே வைத்துக்கொண்டால் குலுக்க வசதி. ஹோஸ் பைப்பில் தண்ணீர் பீய்ச்சுவது எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்யும். அது நின்று திரும்பிப் பார்க்கும். அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். தெருமுனை தாண்டி மறையும்வரை நிறுத்தக் கூடாது. வீட்டில் எல்லோரும் இதையே செய்ய வேண்டும். அப்பா விரட்டுவார், பாட்டி “பாவம்” என்பார் என்றால், பாட்டி இருக்கும் நேரம் பார்த்து அது வரும்.

ஒன்று கவனம்: அது போக வழி விட்டுவிட்டு விரட்டுங்கள். கேட்டை மூடிவிட்டு, மூலையில் மடக்கி, கம்போடு நாலு பேர் சூழ்ந்தால் எந்த மிருகமும் கடிக்கத்தான் செய்யும். கல் எறிவது, பட்டாசு கொளுத்திப் போடுவது வேண்டாம். காயம்பட்ட நரி உங்கள் தெருவிலேயே படுத்துவிட்டால் பிரச்சினை பெரிதாகும். நீங்களும் அதைப் பார்த்து ஓடாதீர்கள். பார்வையை எடுக்காமல் பின்னால் நடந்து உள்ளே போங்கள்.

6. குழந்தையும் நாயும்

சின்னக் குழந்தையை அந்தி நேரத்தில் தனியாக வாசலில் விடாதீர்கள். நரி தெரிந்தால் முதலில் குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள், கத்துவது அதற்கு அப்புறம். கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கு “ஓடாதே, நின்று கத்து, பெரியவர்களைக் கூப்பிடு” என்று விளையாட்டு மாதிரி இரண்டு தடவை செய்து காட்டுங்கள். நரிக்குட்டி நாய்க்குட்டி மாதிரியே இருக்கும், தூக்கத் தோன்றும். தூக்கக் கூடாது. தாய் பக்கத்தில்தான் இருக்கும்.

வளர்ப்பு நாயை ராத்திரி வெளியே சங்கிலியில் கட்டாதீர்கள், நரி வந்தால் நாயால் ஓடவும் முடியாது. ரேபிஸ் ஊசியும், டிஸ்டெம்பர், பார்வோ (இதுவும் நாய்களுக்கு வரும் வைரஸ் நோய்) சேர்ந்த ஊசியும் தேதி தவறாமல் போட்டிருக்கிறதா என்று இன்றைக்கே அட்டையைப் பாருங்கள்.

7. பிடித்துக்கொண்டு போகச் சொல்லலாமா?

கூண்டு வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நீங்களாகப் பிடித்தாலோ, சுருக்கு வைத்தாலோ, விஷம் வைத்தாலோ ஜெயில். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இல் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நரி, அதிகப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். அதிர்ஷ்டத்துக்கு என்று “நரிக்கொம்பு” விற்க வருபவரிடமும் ஏமாறாதீர்கள். நரிக்குக் கொம்பே கிடையாது.

சட்டத்தை விடுங்கள், பிடித்துப் போவதால் பயனும் இல்லை. சாப்பாடு கிடைக்கும் இடம் காலியானால் இன்னொரு நரி வந்து பிடித்துக்கொள்ளும். வனத்துறையைக் கூப்பிட வேண்டியது, நோய் கண்டதாகத் தெரிந்தால், அடிபட்டுக் கிடந்தால், கிணற்றிலோ கட்டடத்துக்குள்ளோ சிக்கினால், யாரையாவது கடித்தால். சென்னையில் வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் இதைப் பார்க்கிறது. கிண்டிப் பூங்காவும் அவர் பொறுப்பில்தான் வருகிறது. எண்ணை இப்போதே தேடி போனில் சேமித்துவையுங்கள். கூப்பிடும்போது இடம், நேரம், அது எப்படி நடந்தது, இந்த மூன்றையும் சொல்லுங்கள். தூரத்தில் இருந்து எடுத்த வீடியோ இருந்தால் அனுப்புங்கள்.

8. கடித்துவிட்டால்

நகக்கீறலாக இருந்தாலும் காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவுங்கள், கடிகாரம் பார்த்து. மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். உடனே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள்; தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாட்களில் போடுவார்கள். காட்டு மிருகம் கடித்தது என்று சொல்ல மறக்காதீர்கள், ஏனென்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் போட வேண்டியிருக்கும். வலி போய்விட்டது என்று கடைசி ஊசியை விட்டுவிடாதீர்கள். ரேபிஸ் அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். சந்தேகம் இருந்தால் 104-க்குப் பேசலாம்.

இரண்டு விதிவிலக்கு

பக்கத்துக் காலி மனைப் புதரில் குட்டி போட்டிருந்தால், அந்த இடத்தில் விரட்டல், ஜேசிபி எல்லாவற்றையும் தள்ளிவையுங்கள். பெரும்பாலும் கோடையில் இது நடக்கும். குட்டிகள் சில மாதத்தில் தாயோடு வெளியேறிவிடும். அதன்பின் புதரை வெட்டிச் சுத்தம் செய்துகொள்ளலாம். அதுவரை உங்கள் வாசலில் மட்டும் விரட்டுங்கள்.

இன்னொன்று ஐப்பசி, கார்த்திகை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணையும் சுற்றுப்பகுதியும் எப்படி இருந்தன என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சதுப்பு நிரம்பினால் அதிலிருக்கும் மிருகங்களும் மேட்டுக்குத்தான் வரும். அந்த நாட்களில் கார் நிறுத்துமிடத்தில் நனைந்து ஒடுங்கி நிற்கும் நரியிடம் தட்டும் கரண்டியும் வேண்டாம். போவதற்கு ஒரு பக்கம் கேட்டைத் திறந்து வையுங்கள், சாப்பாடு போடாதீர்கள், பிள்ளைகளை மாடிக்கு அனுப்புங்கள். தண்ணீர் வடிந்து இரண்டு மூன்று நாள் ஆகியும் போகவில்லை என்றால் வனத்துறைக்குப் போன் போடுங்கள்.