கேள்வியிலிருந்து தொடங்கும் கற்றல் வட்டம்: ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

உசிலம்பட்டிக்கு அப்பால், நாளுக்குச் சில முறை மட்டுமே பேருந்து வரும் ஓர் ஊரின் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியருக்கு, அதே பாடத்தைக் கற்பிக்கும் இன்னொருவர் பெரும்பாலும் அதே பள்ளியில் இருப்பதில்லை. சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் சக ஆசிரியர்களைச் சந்தித்தாலும், அன்றைய தலைப்பை முடித்துவிட்டுக் கடைசிப் பேருந்தைப் பிடிப்பதற்குள் நேரம் கரைந்துவிடுகிறது. இந்தக் குறையை இணையம் தீர்க்கும் என்று நம்பி, கண்ணில் பட்ட குழுக்களிலெல்லாம் சேர்ந்து பார்த்தவன் நான். சுற்றறிக்கைகளும் காலை வணக்கங்களும் குவிந்தனவே தவிர, பாடத்தைப் பற்றிப் பேச ஆள் கிடைக்கவில்லை. வகுப்பறையில் எழுந்த கேள்வி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தேடத் தொடங்கிய பிறகுதான் துணை கிடைத்தது.

ஆகவே முதல் இரண்டு வாரங்களுக்குப் புதிதாக எந்தக் குழுவிலும் சேர வேண்டாம். பாடக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்பதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே குறித்து வாருங்கள். “மூணைவிட நாலு பெருசு, அதனால மூணுல ஒரு பங்கைவிட நாலுல ஒரு பங்குதான் பெருசு” என்று ஒரு பிள்ளை சொல்லும். “முதல் பல்பு கொஞ்சம் கரண்டைத் தின்னுடும், அடுத்த பல்புக்குக் குறைவாத்தான் போகும்” என்று இன்னொரு பிள்ளை சொல்லும். இவை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியவை அல்ல. பல நாடுகளில் ஆசிரியர்கள் எதிர்கொண்டு, விரிவாக ஆராய்ந்து எழுதியுள்ள தடுமாற்றங்கள்.

கேட்கும் விதத்தைப் பொறுத்தே பதிலும் அமையும். “பின்னம் நடத்த நல்ல வீடியோ இருந்தால் அனுப்புங்கள்” என்று கேட்டால் இருபது இணைப்புகள் வந்து விழும், ஒன்றையும் திறந்து பார்க்க நேரம் இருக்காது. எந்த வகுப்பு, பிள்ளை என்ன சொன்னது, நீங்கள் காகிதத்தை எப்படி மடித்துக் காட்டினீர்கள், அதற்குப் பிறகும் மாறாமல் நின்ற குழப்பம் எது என்று, நீங்கள் ஏற்கெனவே இருக்கும் குழுவில் நான்கைந்து வரிகளில் எழுதிக் கேளுங்கள். இரண்டு பேர்தான் பதில் எழுதுவார்கள். அந்த இருவரின் எண்களைத் தனியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வட்டம் அவர்களிடமிருந்துதான் வளரும்.

கேள்வி தெளிவாக இருந்தால் வளங்களைத் தேர்வதும் எளிது. பாடநூலில் அச்சிட்டுள்ள கியூஆர் குறியீட்டின் வழியே திறக்கும் ஒன்றிய அரசின் திக்‌ஷா தளம் 2017-இல் தொடங்கப்பட்டது. அதிலுள்ள காணொலியை வகுப்பில் முதன்முறையாக ஓட்டாமல், முந்தைய நாளே முழுவதும் பார்த்து, தேவையான இரண்டு நிமிடங்களைக் குறித்து, தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மின்சுற்றுக்கு நான் பெரிதும் நம்புவது ஃபெட். இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய பாவனைச் சோதனைகளின் தொகுப்பு அது. மின்கலத்தையும் பல்பையும் திரையில் கம்பியால் இணைத்து, பல்புக்கு முன்னும் பின்னும் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை வைத்தால் இரண்டு இடத்திலும் ஒரே அளவு தெரிகிறது. கரண்டைத் தின்னும் பல்பு என்ற எண்ணம் அந்த இடத்தில் ஆட்டம் காண்கிறது. தரவிறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் இது இயங்கும் என்பது சிக்னல் கிடைக்காத பள்ளிகளுக்குப் பெரிய உதவி. வடிவியலுக்கு, உருவங்களைத் திரையில் வரைந்து அசைத்துப் பார்க்க உதவும் ஜியோஜீப்ரா மென்பொருளும், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கொண்டு கருவி செய்யக் கற்றுத்தரும் அரவிந்த் குப்தாவின் தளமும் போதும். முறையாகப் படிக்க விரும்புவோருக்கு ஒன்றிய அரசின் இணையவழிப் படிப்புகளுக்கான ஸ்வயம் தளத்துப் பாடங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன, தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுவதற்கு மட்டுமே கட்டணம்.

தமிழாசிரியர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தோடு, நம் ஊரின் பெயரையே தாங்கிய மதுரைத் திட்டமும் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய இத்திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியம் பெறாமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் அனைவருக்கும் இலவசமாகத் தந்து வருகிறார்கள். ஒருவரையொருவர் நேரில் காணாதவர்கள் சிறு சிறு பங்காக உழைத்து இவ்வளவு பெரிய வேலையைச் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட அருகில் வேறு சான்று தேட வேண்டியதில்லை.

இனி, உங்களுக்கென ஒரு குழுவைத் தொடங்கலாம். ஒரே பாடத்தைக் கற்பிக்கும் பத்துப் பதினைந்து பேர் இருந்தால் போதும். மேலூரிலிருந்து இருவர், திருமங்கலத்திலிருந்து இருவர், வெளிமாவட்டத்திலிருந்து சிலர் என்று கலந்திருப்பது நல்லது. துறைச் செய்திகளுக்கு வேறு குழுக்கள் இருப்பதால், அவற்றை இங்கே பகிர்வதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வாரம் ஒரு கேள்வி, அதை முறை வைத்து ஒருவர் எழுதுவது என்ற ஒழுங்கு இருந்தால் குழு பேசிக்கொண்டே இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நேரில் சந்திக்க வேண்டும். 2023-இல் மதுரை நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குச் சேர்ந்து சென்று, திரும்பும் வழியில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து பேசுவதே நல்ல தொடக்கமாக அமையும்.

பகிர்வதில் ஓர் எல்லையைக் கண்டிப்பாகக் காக்க வேண்டும். பிள்ளையின் முகம், பெயர், மதிப்பெண், பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் தரும் அடையாள எண்ணான எமிஸ் எண் ஆகியவை எந்தக் குழுவிலும் இடம்பெறக் கூடாது. நோட்டைப் படமெடுக்கும்போது பெயர் எழுதிய பகுதியை மறைத்துவிடுங்கள். விலைக்கு விற்கும் வழிகாட்டி நூல்களின் பிடிஎஃப் வந்தால் அதை மேலும் பரப்ப வேண்டாம்.

பதில் எழுதியவருக்கு, அது வகுப்பில் பலித்ததா இல்லையா என்பதை ஒரு வாரத்துக்குள் தெரிவிப்பது மிக முக்கியம். பலிக்கவில்லை என்றாலும் எழுதுங்கள். அப்படிப்பட்ட பதில்களே அடுத்த உரையாடலைத் தொடங்கி வைக்கின்றன. வாட்ஸ்அப்பில் இவை நாளடைவில் மேலே நகர்ந்து மறைந்துவிடும் என்பதால், கேள்வியையும் பலித்த வழியையும் வகுப்புவாரியாக, பாடவாரியாக ஒரு கோப்பில் சேர்த்து வாருங்கள். மாறுதல் கலந்தாய்வில் நீங்கள் வேறு ஊருக்குப் போக நேர்ந்தால், சாவிக்கொத்தோடும் பதிவேடுகளோடும் அந்தக் கோப்பையும் அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்லுங்கள்.