கல்லூரியில் குறை இருந்தால் யாரிடம், எப்படி எழுதிக் கொடுப்பது?

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில், கல்லூரியில் பிள்ளைக்கு ஒரு சிக்கல் என்றால் வீட்டார் முதலில் தேடுவது அங்கே வேலை பார்க்கும் தெரிந்தவர் ஒருவரைத்தான். அவரும் “பேசிவிட்டேன், பார்த்துக்கொள்ளலாம்” என்பார். ஒரு பருவம் கழிந்துவிடும். பேசியதற்குச் சான்று ஏதும் இராது. காலணா வரவையும் பேரேட்டில் ஏற்றி ஐந்தொகை போட்டுப் பார்த்த ஊரில், இந்த ஒன்றில் மட்டும் வாய்ச்சொல்லை நம்புவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் வெளியிட்ட விதிமுறைகளின்படி, ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். சான்றிதழைப் பிடித்து வைத்தல், அறிவித்ததற்கு மேல் கட்டணம் கேட்டல், உதவித்தொகையைத் தாமதித்தல், இடஒதுக்கீட்டை மீறுதல், தேர்வு முடிவை இழுத்தடித்தல் ஆகியவை அக்குழு விசாரிக்க வேண்டியவற்றுள் அடங்கும்.

தேவகோட்டைப் பக்கத்து மாணவி ஒருவர், கட்டண பாக்கியைக் காட்டி மாற்றுச் சான்றிதழைத் தர மறுத்தார்கள் என்று ஒன்றரைப் பக்க மனுவோடு என்னிடம் வந்தார். அதில் ஒரு பக்கம் வீட்டு நிலைமை. எந்தத் தேதியில் யாரிடம் கேட்டார் என்பது மட்டும் இல்லை. அதை ஆறு வரியாகச் சுருக்கினோம்: பெயர், பதிவு எண், சான்றிதழ் கேட்ட நாள், கிடைத்த பதில், இணைத்துள்ள ரசீதுகள், வேண்டும் தீர்வு. அலுவலகத்தில் “மேசையில் வைத்துவிட்டுப் போம்மா” என்றார்களாம். அப்படி வைத்துவிட்டு வரக்கூடாது. இன்னொரு நகலை நீட்டி, “ஐயா, இதில் தேதியோடு முத்திரை வைத்துக் கொடுங்கள்” என்று கேட்டு வாங்க வேண்டும். மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் புகார்ப் பகுதி இருந்தால் அதிலும் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இணையவழிப் புகாரை நிறுவனம் 15 நாட்களுக்குள் குழுவுக்கு அனுப்ப வேண்டும். குழு கூடியவரை 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். விசாரணைக்கு நேரில் போகலாம், பிரதிநிதியையும் அனுப்பலாம். முடிவில் நிறைவில்லை என்றால், அது கைக்கு வந்த 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் (Ombudsperson) மேல்முறையீடு செய்யலாம். இணைப்புக் கல்லூரி மாணவர்களுக்கும் அவரே குறைதீர்ப்பாளர் என்பதால், அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் படிப்பவர் அப்பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளருக்கே எழுத வேண்டும்.

மதிப்பெண் குறைந்தது என்பதற்காக மட்டும் குறைதீர்ப்பாளரிடம் போவதில் பயனில்லை; அதற்கு மறுமதிப்பீடுதான் வழி. திருத்திய விடைத்தாளின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

ராகிங் என்றால் இந்தப் படிகள் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. 1800-180-5522 என்ற எண் இரவு பகலாக இயங்குகிறது, தமிழ்நாட்டில் 1997 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. பாலியல் தொல்லை என்றால் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிடம் மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும்.

ஒழுங்கு நடவடிக்கை உங்கள் மேலேயே வந்தால், “அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு” என்பதுதான் பெரும்பாலும் முதல் பேச்சு. பெற்றோர் பதறிப்போய்ப் பிள்ளையைக் கையெழுத்துப் போடச் சொல்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். செய்யாத தவறுக்கு எழுதிய மன்னிப்பு பிறகு ஒப்புதலாகவே படிக்கப்படும். குற்றச்சாட்டு என்ன, எந்த விதியின் கீழ், விளக்கம் தர எத்தனை நாள் என்று எழுத்தில் கேளுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள். நீங்கள் கொடுக்கும் விளக்கக் கடிதத்திற்கும் ஒரு நகல் எடுத்து, அதிலும் முத்திரை வாங்குங்கள்.